டர்ட் பைக் சீட்: ஸ்பாஞ்சைக் கூட்டுவதா, காற்றுப் பை கட்டுவதா, ஜட்டியை மாற்றுவதா?

சென்னையிலிருந்து கொல்லிமலைக்குக் கிளம்பினால், எங்கே வந்திருக்கிறேன் என்று பார்க்க எனக்கு மைல்கல் வேண்டாம். உட்காரும் இடமே சொல்லிவிடும். செங்கல்பட்டு வரை ஒரு தொந்தரவும் இருக்காது. மதுராந்தகம் ஏரி கண்ணில் படும்போது சீட்டில் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று நகர ஆரம்பித்திருப்பேன். திண்டிவனத்தில் டீக்கடையில் நிறுத்துவது டீ குடிக்க இல்லை, எழுந்து நிற்க. உளுந்தூர்பேட்டையில் சேலம் சாலைக்குத் திரும்பும்போது இந்த வண்டியை விற்றுவிட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்கிவிடலாம் என்று தோன்றும். அப்புறம் காரவள்ளியில் மலை ஏற ஆரம்பித்து, எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் நாலைந்தைத் தாண்டியதும் எல்லாம் மறந்து போகும். மறுநாள் திரும்பி வரும்போது மறுபடி நினைவு வரும்.

மூன்று வருடமாக இதோடு மல்லுக்கட்டி, ஐந்தாறு வழிகளை முயன்று பார்த்தாயிற்று. கொஞ்சம் காசு வீணானது. ஒரு தடவை நன்றாக இருந்த சீட்டையே கெடுத்துக்கொண்டேன். 200 சிசி டர்ட் பைக் வைத்துக்கொண்டு, குஷன் வாங்கலாமா சீட் கடைக்குப் போகலாமா என்று யோசிப்பவர்களுக்காக அந்த வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சொல்கிறேன். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நியாயம்: முதலில் உள்ளாடை, அடுத்து சீட்டின் அகலமும் சாய்வும். மெத்தென்று ஆக்குவது கடைசி. நான் தலைகீழ் வரிசையில் செய்தேன்.

முதலில், இந்த சீட் ஏன் இப்படிப் பலகை மாதிரி இருக்கிறது? காட்டுப் பாதையில் டர்ட் பைக்கை நின்றுகொண்டுதான் ஓட்ட வேண்டும். முழங்கால்கள் இரண்டும் டேங்கைக் கவ்விப் பிடிக்க வேண்டும். வளைவில் டேங்க் வரை முன்னால் நகர வேண்டும், இறக்கத்தில் பின்னால் போக வேண்டும், சறுக்கினால் சட்டென்று கால் தரையைத் தொட வேண்டும். அகலமான சீட் இருந்தால் இதில் ஒன்றும் நடக்காது. உயரமும் சும்மா வந்ததில்லை. ஹீரோ கம்பெனியின் எக்ஸ்பல்ஸ் 200 4வி-யின் சீட் உயரம் 825 மி.மீ. அதே வண்டியின் ப்ரோ வடிவத்தில் சஸ்பென்ஷன் முன்னால் 250, பின்னால் 220 மி.மீ. இறங்கி ஏறும்; அதனால் சீட் 891 மி.மீ. உயரத்துக்குப் போய்விட்டது. டக்கார் ராலி என்ற பாலைவனப் பந்தயத்தில் 2024-இல் ராலி 2 பிரிவை வென்ற ஷொர்ணூர்க்காரர் ஹரித் நோவா மாதிரி ஆட்கள் ஓட்டுகிற வண்டிகளில் போய் சோபா தேடினால் கிடைக்குமா? பந்தயப் பகுதியில் அவர்கள் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் போகிறார்கள்.

நாம் செய்வது வேறு. நாற்பது கிலோமீட்டர் காட்டுப் பாதைக்காக முந்நூறு கிலோமீட்டர் நாலுவழிச் சாலையில் அசையாமல் உட்கார்ந்து போகிறோம். செய்தவர்கள் மேல் பழி போட எதுவுமில்லை. சீட்டுக்கு நாம் கொடுத்த வேலைதான் வேறு.

சரி, காசு செலவழிப்பதற்கு முன் கண்டுபிடிக்க வேண்டியது எங்கே வலிக்கிறது, எத்தனையாவது நிமிடத்தில் வலிக்கிறது என்பதை. எல்லா வலியையும் "சீட் வலி" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். அது குறைந்தது மூன்று வகை. முக்கால் மணி நேரத்தில் இரண்டு பக்கமும் புள்ளி வைத்த மாதிரி ஆழமாக வலித்தால் அது எலும்பு வலி. அழுத்தம் சின்ன இடத்தில் குவிகிறது. தோல் எரிந்து, இரவு குளிக்கும்போது தண்ணீர் பட்டுச் சுரீர் என்றால் அது வியர்வையும் உராய்வும். முன்பக்கம் மரத்துப் போனாலோ, சுருக் சுருக்கென்று ஊசி குத்துவது போல் இருந்தாலோ சீட்டின் சாய்வு உங்களை டேங்க் பக்கம் தள்ளுகிறது, எலும்பு தாங்க வேண்டிய எடையை மிருதுவான சதை தாங்குகிறது என்று பொருள். இந்த மூன்றாவதை வெட்கப்பட்டு வெளியே சொல்லாமல் இருப்பவர்கள் அதிகம். மரத்துப் போவது வண்டியை விட்டு இறங்கிய பிறகும் நீண்ட நேரம் நீடித்தால் சீட் கடைக்குப் போக வேண்டாம், டாக்டரிடம் போங்கள். மூலம் இருப்பவர்களுக்கும் அதேதான்.

எலும்பு வலிக்காரர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சைக்கிள்காரர்களிடமிருந்து கற்றது. கூரியரில் வந்த அட்டைப்பெட்டியில் ஒரு துண்டை வெட்டி, உள்ளே நெளி நெளியாக இருக்கிற அந்த அட்டையை மாடிப்படியில் போட்டு அதன் மேல் உட்காருங்கள். உடம்பை லேசாக முன்னால் சாய்த்து, குதிகாலைத் தூக்கி, ஒரு நிமிடம். எழுந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அட்டையில் இரண்டு பள்ளம் தெரியும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் விரலால் தடவினால் அகப்படும். ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து இன்னொன்றின் நடு வரை ஸ்கேல் வைத்தேன்: எனக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர். அப்புறம் கீழே போய் வண்டி சீட்டை அளந்தேன். நான் நெடுஞ்சாலையில் உட்காருகிற இடத்தில் விளிம்பிலிருந்து விளிம்புக்கு இருபது இருந்தது, பரவாயில்லையே என்று நினைத்தேன். ஆனால் சீட்டின் இரண்டு பக்கமும் உருண்டு கீழே இறங்குகிறது. தட்டையாக இருக்கிற பகுதியை மட்டும் அளந்தால் பதின்மூன்றுதான். என் எலும்பு இரண்டும் சரியாக அந்த உருளும் விளிம்பில் போய் உட்கார்ந்திருந்தன. அதுவரை நான் வாங்கிய குஷன் எல்லாம் ஏன் உதவவில்லை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. விளிம்பில் உட்கார்ந்திருப்பவன் விளிம்பின் மேல் மெத்தையைப் போட்டால் மெத்தை போட்ட விளிம்புதான் கிடைக்கும்.

உடுப்பிலிருந்து தொடங்குகிறேன். விலை குறைவு, பலன் அதிகம், யாரும் முதலில் நம்புவதில்லை. ஜீன்ஸ் போட்டுக்கொண்டுதான் பாதிப் பேர் கிளம்புகிறார்கள். ஜீன்ஸில் நாலு தையல் வந்து ஒன்றாகக் கூடுகிற தடித்த முடிச்சு எங்கே இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். அதற்கு அடியில் பருத்தி ஜட்டி. பருத்தி வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் விடாது; இரண்டு மணி நேரத்தில் ஈரத் துணி தோலைத் தேய்க்க ஆரம்பித்துவிடும். பின் பாக்கெட்டில் பர்ஸ் வேறு. தையல் தொடைப்பக்கம் தள்ளி வருகிற, வியர்வையை வெளியே விடுகிற, உடம்போடு ஒட்டிய விளையாட்டு ஷார்ட்ஸ் ஒன்றை ஜட்டிக்குப் பதிலாகப் போட்டாலே தோல் எரிச்சல் பாதி போய்விடும். "பதிலாக" என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஜட்டிக்கு மேல் போட்டால் பயனில்லை.

திண்டு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் அடுத்த படி. ஆயிரம் ரூபாய் வாக்கில் ஓரளவு நல்லதே கிடைக்கிறது. எலும்பு படும் இடத்தில் ஒரு சென்டிமீட்டர் திண்டு. பைக் சீட்டுக்கும் இது ஒத்துவருகிறது, ஒரே ஒரு நிபந்தனையுடன்: மிகத் தடித்த திண்டு வாங்கக் கூடாது. தடித்தது வியர்வையில் ஊறி, மேல்மருவத்தூர் தாண்டுவதற்குள் ஈரமான இட்லியின் மேல் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். இன்னொன்று, அதைப் போட்டுக்கொண்டு வழியில் ஓட்டலில் சாப்பிட இறங்கி நடந்தால் நடை கொஞ்சம் வாத்து மாதிரி இருக்கும். மேலே தளர்ந்த ரைடிங் பேன்ட் போட்டால் தெரியாது. தோல் எரிச்சல் மட்டும் இருப்பவர்கள் இதோடு நின்றுவிடலாம். இந்தக் கட்டுரையின் மீதியை அவர்கள் படிக்க வேண்டியதில்லை.

சீட்டின் மேல் கட்டுகிற பொருள்களில் ஜெல் பேடு கவர்ச்சியானது. கடையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் அப்படியே உள்வாங்கும், வாங்கத் தோன்றும். ஜெல் அமுங்குவதில்லை, பக்கவாட்டில் நகரும். அதனால் எடையைக் கொஞ்சம் பரப்பிக் கொடுக்கும், உண்மைதான். கூடவே சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேலூர் பக்கம் ஏப்ரல் மத்தியானத்தில் வண்டியை அரை மணி நேரம் வெயிலில் விட்டுவிட்டு வந்து கறுப்பு ரெக்ஸினுக்கு அடியில் ஜெல் இருக்கிற சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். தோசைக்கல். வெளியூரில் யார் என்ன சொன்னாலும் நம் வெயிலுக்கு ஜெல்லை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

காற்றுப் பை வேறு சாதி. சக்கர நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு அழுத்தப் புண் வராமல் இருக்கச் செய்த அறை அறையான காற்று மெத்தையிலிருந்து பைக்குக்கு வந்தது இது. ஒரு அறையை அழுத்தினால் காற்று பக்கத்து அறைக்குப் போகும், எலும்புக்கு அடியில் அழுத்தம் குவியாது. எலும்பு வலிக்கு, வண்டியில் எதையும் வெட்டாமல், உடனே கிடைக்கிற நிவாரணம் இதுதான். ஆனால் பத்தில் எட்டுப் பேர் இதைத் தப்பாகத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பது என் எண்ணம். கல் மாதிரி ஊதி வைத்துக்கொண்டு, ஆடுகிறது என்று குறை சொல்வார்கள். நன்றாக ஊதி, மேலே உட்கார்ந்து, வால்வைத் திறந்து, எலும்பு சீட்டில் தட்டுகிற வரை காற்றை விட்டு, அப்புறம் கொஞ்சம் ஊத வேண்டும். எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு விரல் கனம் இருந்தால் போதும். மலை ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து பை உப்பி விறைக்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையத்தில் சரி பார்த்த பையை அங்கே கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கும். லடாக் போகிறவர்களுக்கு இது இன்னும் அதிகம்.

காற்றுப் பையின் உண்மையான குறை வளைவில் தெரியும். சீட்டுக்கும் உங்களுக்கும் நடுவில் நழுவுகிற ஒரு பொருள் இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறுகிற நாற்பது வளைவில், பின்சக்கரம் என்ன செய்கிறது என்று சீட் வழியாகத் தெரிய வேண்டிய சேதி மங்கிப் போய் வந்து சேர்ந்தது. காட்டுப் பாதையில் இன்னும் மோசம், உயரமும் கூடுகிறது. நான் இப்போதும் ஒன்று வைத்திருக்கிறேன். நாலுவழிச் சாலையில் கட்டுவேன், ஆழியாறில் கழற்றிப் பையில் சுருட்டி வைத்துவிடுவேன். கழற்ற ஒரு நிமிடம் ஆகிறது. கழற்றச் சோம்பேறித்தனம் உள்ளவர்கள் வாங்க வேண்டாம்.

மலிவான ஒன்றைச் சொல்ல மறக்கக் கூடாது: மரமணி விரிப்பு. பழைய அம்பாசடர் டாக்சிகளிலும் ஆட்டோக்களிலும் டிரைவர் சீட்டில் கிடக்குமே, அதே. அமெரிக்காவில் 24 மணி நேரத்தில் ஆயிரம் மைல், அதாவது சுமார் 1,610 கிலோமீட்டர் ஓட்டினால் சான்றிதழ் கொடுக்கிற அயர்ன் பட் அசோசியேஷன் என்ற சங்கம் இருக்கிறது. அந்த மாதிரி நெடுந்தூரக்காரர்கள் சிலர் விலையுயர்ந்த சீட்டின் மேல் இந்த மணி விரிப்பைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்கள். காரணம் எளிது. மணிக்கு நடுவில் காற்று போகும், தோல் ஈரமாகாது, மணி உருளுவதால் உராய்வு குறையும். எலும்பு வலிக்கு இது ஒன்றும் செய்யாது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் கார் சாமான் கடையில் வாங்கி, பைக் சீட் அளவுக்கு நரம்பை அவிழ்த்துக் கட்டிக்கொண்டேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். நின்று ஓட்டிவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தால் சிரிப்பு வராது. எனக்கு வந்த அனுபவம் அப்படி, அன்றோடு கழற்றினேன். வலைத்துணி உறை அதே வேலையைப் பாதி செய்யும், தொப்பென்று உட்கார்ந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆட்டுத்தோல் விரிப்பு குளிர் ஊருக்குச் சரி; நம் மழையில் நனைந்தால் காய இரண்டு நாள்.

இனி சீட் கடை. அதிகம் பேர் போவதும் இங்கேதான், அதிகம் பேர் ஏமாறுவதும் இங்கேதான்.

என் முதல் தவறு எங்கள் பக்கத்திலேயே ஒரு கடையில் நடந்தது. "நல்லா மெத்துன்னு போடுங்க" என்று நானேதான் சொன்னேன், அவர் மேல் முழுப் பழியையும் போட முடியாது. பழைய ஸ்பாஞ்சின் மேல் இரண்டு அங்குல மிருதுவான ஸ்பாஞ்சை ஒட்டி, பளபள ரெக்ஸின் போட்டுக் கொடுத்தார். கடை வாசலில் உட்கார்ந்து பார்த்தபோது சொர்க்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை அறுபது கிலோமீட்டர் தாண்டுவதற்குள் ஸ்பாஞ்ச் அமுங்கி அடித்தளத்தில் போய் நின்றது. ஸ்பாஞ்சுக்கு அப்படி ஒரு குணம் உண்டு. பாதிக்கு மேல் நசுங்கிவிட்டால் உள்ளே இருக்கிற கண்ணறைகள் மடிந்துபோய், சட்டென்று கெட்டியாகிவிடும். மிருதுவான ஸ்பாஞ்ச் முதல் பத்து நிமிடத்துக்கு மிருது, அப்புறம் பலகை. போதாக்குறைக்கு சீட் உயரம் ஏறி, சிக்னலில் நுனிக்காலில் நின்றேன். என் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். பளபள ரெக்ஸின் ஒவ்வொரு பிரேக்குக்கும் என்னை டேங்க்குக்கு அனுப்பி வைத்தது.

கடையில் "டென்சிட்டி" என்ற சொல் அடிக்கடி காதில் விழும். 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்பார்கள். அது ஒரு கனமீட்டர் ஸ்பாஞ்ச் எத்தனை கிலோ என்கிற கணக்கு; எவ்வளவு நாள் உழைக்கும் என்பதற்கு அது ஒரு அறிகுறி. எவ்வளவு கெட்டி என்பது வேறு அளவு. ஒரே டென்சிட்டியில் மிருதுவும் உண்டு, கெட்டியும் உண்டு. அதனால் எண்ணைக் கேட்டுவிட்டுத் திருப்தி அடையாமல், முழங்கையை ஊன்றி முழு எடையையும் கொடுத்து அழுத்திப் பார்க்க வேண்டும். முழங்கை அடியில் போய் முட்டினால் அந்தத் துண்டு வேண்டாம். ரீபாண்டட் என்று சொல்கிற, கலர் கலராகத் துண்டு ஸ்பாஞ்சைச் சேர்த்து அழுத்திச் செய்தது இருக்கிறதே, அது அடியில் போட உகந்தது. மேலே பதினைந்து மி.மீ. நல்ல கெட்டியான பியூ (பாலியூரித்தேன்) ஸ்பாஞ்ச். மெமரி ஃபோம் வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். அது சூட்டில் இளகும், குளிரில் இறுகும். சென்னையில் கூழ், கொடைக்கானல் விடிகாலையில் கட்டை. மேலே மெல்லியதாக ஒரு படலம் போட்டால் பரவாயில்லை, அதை மட்டுமே நம்பி சீட் செய்யக் கூடாது.

இரண்டாவது தடவை புதுப்பேட்டைப் பக்கம் ஒரு சந்துக் கடைக்குப் போனேன். அட்டையையும் கையோடு கொண்டு போயிருந்தேன். கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. முதல் கடையின் வேலையை அமுக்கிப் பார்த்தார்.

"தம்பி, மெத்துன்னு வேணுமா, சேலம் போய்ச் சேரணுமா?"

"சேலம் போகணும்ண்ணே."

"அப்ப கல்லு மாதிரி இருக்குன்னு நாளைக்கு வந்து சண்டை போடக் கூடாது."

தட்டை ஸ்க்ரூடிரைவரால் ஸ்டேப்பிள் பின்களை ஒவ்வொன்றாக நெம்பி, ரெக்ஸினை உரித்து, முதல் கடை ஒட்டிய இரண்டு அங்குலத்தையும் கிழித்துப் போட்டார். வெற்று ஸ்பாஞ்சோடு சீட்டை வண்டியில் மாட்டி என்னை உட்காரச் சொன்னார். "ரோட்ல எப்படி உக்காருவ, அப்படி உக்காரு." பேனாவால் என் தொடை ஓரமாகக் கோடு போட்டார். "இப்ப சிக்னல்ல நிக்கற மாதிரி நில்லு." நான் வழக்கம்போல முன்னால் நகர்ந்து கால் ஊன்றினேன். அங்கே இன்னொரு கோடு. நான் கவனிக்காத ஒன்றை அந்த இரண்டு கோடும் காட்டின: ஓட்டும்போது உட்காருகிற இடமும் நிற்கும்போது கால் இறங்குகிற இடமும் ஒரு சாணுக்கு மேல் தள்ளி இருக்கின்றன. பின்கோட்டில் எவ்வளவு அகலப்படுத்தினாலும் கால் எட்டுவதற்குப் பங்கம் வராது. முன்கோட்டில் கை வைக்கக் கூடாது.

அதற்கு அப்புறம் நடந்தது தச்சு வேலை. பின்கோட்டிலிருந்து பின்பக்கமாக, உருண்டு இறங்குகிற விளிம்பை ஆக்ஸா பிளேடால் நேராக வெட்டி, இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் ரீபாண்டட் துண்டை ஒட்டி இறக்கை மாதிரி வைத்தார். டேங்க் பக்கம் பள்ளமாகச் சரிந்த இடத்தில் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டு, சாய்வு போய்க் கிட்டத்தட்டச் சமமானது. நடுவில் பழைய ஸ்பாஞ்சைக் கொஞ்சம் சீவி எடுத்துவிட்டு மேலே புது ஏடு ஒட்டியதால் உயரம் ஒரு சென்டிமீட்டர்கூட ஏறவில்லை. உப்புக்காகிதம் மாட்டிய கிரைண்டரால் தேய்த்து உருவம் கொடுத்தார், கடை முழுக்க ஸ்பாஞ்ச் தூள் பறந்தது. பிறகு அவர் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது: ரெக்ஸின் போடுவதற்கு முன் பாலித்தீன் சுற்றி டேப் ஒட்டிக் கொடுத்து, "ஒரு மணி நேரம் ஓட்டிட்டு வா" என்றார். கடற்கரைச் சாலையில் போய்விட்டு வந்து, இடது பக்கம் தொடையில் உறுத்துகிறது என்றேன். இரண்டு தேய்ப்பு. சரியானது. இப்படி வெற்று ஸ்பாஞ்சில் ஓட்டிப் பார்க்க விடாத கடையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

மொத்தம் 2,200 ரூபாய் ஆனது. ரெக்ஸினில் மேலே சொரசொரப்பானது, பக்கத்தில் வழவழப்பு. உட்காரும் இடத்தில் தையல் வரக் கூடாது. தையல் ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் உள்ளே போனால் ஸ்பாஞ்ச் உறிஞ்சி வைத்துக்கொண்டு மூன்று நாளைக்கு உங்கள் பேன்ட்டை நனைக்கும். ஸ்பாஞ்சுக்கும் ரெக்ஸினுக்கும் நடுவில் ஒரு பாலித்தீன் தாள் கட்டாயம். துருப்பிடிக்காத பின் அடிக்கச் சொல்லுங்கள், பிளாஸ்டிக் அடித்தளத்தைத் துளைத்து மறுபக்கம் வராத நீளத்தில். முடிந்தால் ஒரு பழைய சீட்டைத் தனியாக வாங்கி அதை வெட்டக் கொடுங்கள், வண்டியோடு வந்ததைப் பத்திரமாக வையுங்கள். வண்டியை விற்கும்போது உதவும். நான் செய்யவில்லை.

தயாராக வருகிற வெளிநாட்டு சீட்டுகளும் உண்டு. பெரிய கம்பெனி வண்டிகளுக்கு நல்லவை கிடைக்கின்றன. இங்கே ஓடுகிற 200 சிசி வண்டிக்குப் பொருந்துவதைத் தேடி, கப்பல் செலவும் சுங்கமும் கட்டி வாங்குவதில் அர்த்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் அட்டையை அவர்கள் பார்த்ததில்லை.

சீட்டில் சேராத இரண்டு விஷயத்தை விட்டுவிட முடியாது. ஒன்று பின் சஸ்பென்ஷன். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் அது மொத்த இறக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு சுமாருக்கு இறங்க வேண்டும், 170 மி.மீ. இறங்கும் வண்டியில் ஐம்பது, ஐம்பத்தைந்து. முப்பதுகூட இறங்கவில்லை என்றால் ஒவ்வொரு பாலத்து இணைப்பும் நேராக முதுகுத்தண்டுக்கு வருகிறது, அதற்கு சீட்டைத் திட்டிப் பயனில்லை. பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைத்திருக்கிற இறுக்கத்தை, தளர்த்துங்கள், இலவசம். இரண்டாவது, நிற்பது. டர்ட் பைக்கின் பெரிய வசதியே அதுதான். கால்மிதியில் எழுந்து, முழங்கால் லேசாக மடங்கி, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அரை நிமிடம் நின்றால் நசுங்கின இடத்தில் ரத்தம் ஓடும். வலி வந்த பிறகு நிற்பதில் பாதிப் பலன்தான். வருவதற்கு முன்பே நிற்க வேண்டும். நிற்கும்போது குனிய வேண்டியிருந்தால் ஹேண்டில்பாரை உயர்த்தி வைக்கிற ரைசர் என்ற துண்டைப் போடலாம்.

ஆக, வருடத்துக்கு இரண்டு தடவை மட்டும் நெடுந்தூரம் போகிறவர் ஷார்ட்ஸும் காற்றுப் பையும் வாங்கிக்கொண்டு சீட்டைத் தொடாமல் விடலாம். மாதாமாதம் போகிறவர், அட்டைச் சோதனையில் எலும்பு விளிம்பில் விழுகிறவர், சீட் கடைக்குத்தான் போக வேண்டும். மரத்துப் போகிறவருக்கு அகலத்தைவிடச் சாய்வு முக்கியம், அந்த ஆப்புத் துண்டு ஒன்றே போதலாம். வாரக்கடைசியில் காட்டுப் பாதை மட்டும் ஓட்டுகிறவர் எதையும் மாற்ற வேண்டாம். அகலப்படுத்தின சீட் நின்று ஓட்டும்போது தொடையில் இடிக்கும். எனக்கும் கொஞ்சம் இடிக்கிறது, சேலம் சாலையை நினைத்துப் பொறுத்துக்கொள்கிறேன்.

இப்போது எனக்கு முதல் நகர்வு விக்கிரவாண்டி சுங்கச்சாவடிக்கு அப்புறம்தான் வருகிறது. வலி போகவில்லை, எண்பது கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கிறது. பின்னால் உட்காருகிற என் மனைவிக்கு மட்டும் ஒன்றும் மாறவில்லை. அவளுக்கும் அளவெடுக்கச் சொல்லி அடுத்த வாரமே கடைக்குக் கூட்டிப் போனேன். பெரியவர் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "ஏம்மா, உளுந்தூர்பேட்டை வரைக்கும் பஸ்ல வந்துடேன்" என்றார்.